இருபது டிகிரி

நிலவறையில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு விளக்கு. விளக்கின் வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியவில்லை.

மணி மூன்றரைதான். வெளியே இருட்டிவிட்டது. டிசம்பரில் ஸ்வீடனின் எஸ்கில்ஸ்தூனா ஊருக்குப் பகல் ஆறு மணி நேரம்.

துப்பாக்கிக் குண்டுப் பெட்டி இரவு முழுக்கக் காரிலேயே கிடந்திருக்கிறது. கையில் எடுத்தால் சில்லிடுகிறது. இப்போது திறந்தால் குண்டுகளின் செம்பின் மேல் ஈரம் பூக்கும்.

திறக்காமல் மேசையில் வைக்கிறேன்.

*

சுவரில் வெப்பமானி. 19.

அளப்பதற்கென்று உலகம் ஒத்துக்கொண்ட வெப்பநிலை ஒன்று இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸ். 1931 முதல் அப்படி. ஒரு பொருளின் நீளம் இவ்வளவு என்று வரைபடத்தில் போட்டிருந்தால், 20 டிகிரியில் இவ்வளவு என்று அர்த்தம். எழுதாவிட்டாலும் அதுதான் அர்த்தம்.

மற்ற நேரங்களில் அந்தப் பொருள் வேறு அளவில் இருக்கிறது. கொஞ்சம் பெரியதாக. கொஞ்சம் சிறியதாக. அதுவும் அதன் அளவுதான்.

*

பக்கத்து அறையில் துவைக்கும் மெஷின் ஓடுகிறது. மேசையில் வைத்த உள்ளங்கைக்கு அது கேட்கிறது. காதுக்கு அவ்வளவாகக் கேட்கவில்லை.

மெஷின் நிற்கும்வரை எடை போட முடியாது. தராசு அந்த அதிர்வையும் எடை என்று எடுத்துக்கொள்ளும்.

விட்டம் அளக்கலாம்.

*

மைக்ரோமீட்டர் பெட்டியைத் திறக்கிறேன். எண்ணெய் வாசம். மெலிதாக, பழைய தையல் மெஷினின் வாசம்.

வளைந்த இரும்பு. ஒரு முனையில் அசையாத முகம். எதிரே திருகினால் வந்து சேரும் முகம். கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் கறுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறது, கையின் சூடு இரும்புக்குப் போகாமல் இருக்க. கை தன்னை அறியாமல் எவ்வளவு கொடுத்துவிடுகிறது என்பதைத் தெரிந்த யாரோ செய்திருக்கிறார்கள்.

நோட்டின் ஓரத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழிக்கிறேன். இரண்டு முகங்களுக்கும் நடுவே வைத்து லேசாகத் திருகி, மெல்ல இழுக்கிறேன். காகிதம் தயங்கித் தயங்கி வெளியே வருகிறது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. கண்ணுக்குத் தெரியாமல் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று.

இன்னொரு துண்டு. இந்த முறை கோடு இல்லை.

முகத்தோடு முகம் சேர்க்கிறேன். கிட். கிட். கிட்.

0.000.

*

மூன்று கிட் போதும். நான்காவது தேவையில்லை.

கோயம்புத்தூர் டூல் ரூமில் முதல் வாரம். போர்மேன் பின்னால் வந்து நிற்கிறார். எண்ணைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் கிட் சத்தத்தைக் கேட்கிறார். "அவசரப்படறே தம்பி" என்கிறார். வேறெதுவும் சொல்லாமல் போய்விடுகிறார்.

அந்தத் திருகின் கடைசியில் ஒரு சின்ன ராட்செட் இருக்கிறது. முகம் பொருளைத் தொட்டதும், அதற்கு மேல் எவ்வளவு திருகினாலும் வழுக்கிக் கொடுத்துவிடும். யார் கையானாலும் ஒரே அழுத்தம் என்பதற்காக. ஆனாலும் வேகமாகச் சுற்றி வந்து மோதினால் எண் மாறுகிறது. மெதுவாக வந்து தொட்டால் ஒரு எண். ஓடி வந்து தொட்டால் ஒரு எண்.

*

பெட்டியைத் தொடுகிறேன். குளிர்ச்சி குறைந்திருக்கிறது. போகவில்லை.

*

பாரிஸில் ஜான் லோரான் பால்மர் 1848-இல் இந்தத் திருகுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் இருப்பது ஒரே ஒரு யோசனை. இந்தக் கருவியில் ஒரு முழுச் சுற்று சுற்றினால் முகம் அரை மில்லிமீட்டர் நகர்கிறது. அந்தச் சுற்றை ஐம்பது கோடுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கோடும் மில்லிமீட்டரில் நூறில் ஒன்று. சிறியதைப் பார்க்கப் பூதக்கண்ணாடி வேண்டாம். சிறியதைப் பெரிய வட்டமாக நடக்கவிட்டால் போதும்.

கோயில் பிரகாரம் நினைவுக்கு வருகிறது. சுற்றி வந்து, சுற்றி வந்து, அதே வாசல்.

நினைவு போகிறது.

*

அப்பாவுக்கு இருந்த கடைசி அளவு நூல். அங்குலத்தில் எட்டில் ஒன்று. காதில் பென்சில், கையில் மூலைமட்டம். "ரெண்டு நூல் தள்ளிப் போடு" என்பார். அதற்குக் கீழே போனால் மயிரிழை. அதற்கும் கீழே போனால் வாய் பேசாது. கட்டைவிரலால் இணைப்பின் மேல் ஒரு தடவு. சரி என்றால் கை நகர்ந்துவிடும். சரியில்லை என்றால் கை அங்கேயே நிற்கும்.

மயிரிழை என்பது மில்லிமீட்டரில் நூறில் ஏழு பங்கு அளவில் இருக்கிறது. ஆளுக்கு ஆள் மாறும். இன்று மேசையில் தேடுவது அந்த இழையில் எழுபதில் ஒன்று.

கட்டைவிரல் அதை அறியுமா.

மூடிய பெட்டியின் மேல் ஓட்டிப் பார்க்கிறேன். வழவழப்பு மட்டும் தெரிகிறது.

*

20.

பெட்டியைத் திறக்கிறேன்.

நூறு குண்டுகள். உண்டியலை உடைத்துக் கொட்டிய காசுபோலத் தாறுமாறாகக் கிடக்கின்றன. மேலே செம்புச் சட்டை. உள்ளே ஈயம். நடுவில் நேரான உடல், பின்னால் படகு போலக் குறுகும் வால், முன்னால் நீண்டு மெலியும் மூக்கு. மூக்கின் நுனியில் ஊசி குத்தியதுபோல ஒரு துளை.

ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் வைக்கிறேன். அதன் மேல் மேசை விளக்கு ஒரு நீண்ட கோடாகப் படுத்திருக்கிறது.

*

6.5 என்பது இந்த ரகத்தின் பெயர். குண்டின் விட்டம் 6.5 இல்லை. 6.71-க்குப் பக்கத்தில்.

துப்பாக்கிக் குழலுக்குள் திருகாக மேடுகள் ஓடுகின்றன. எதிரெதிர் மேடுகளுக்கு இடையே உள்ள தூரம்தான் 6.5. குண்டு அதைவிடக் கொஞ்சம் பருமன். அந்தக் கொஞ்சத்தைத்தான் மேடு கவ்விப் பிடிக்கிறது. பிடித்த பிறகுதான் குண்டு சுழல்கிறது.

பிரிட்டிஷ்காரர்களின் .303 ரகத்தில் போடும் குண்டு .311 அங்குலம். அமெரிக்காவில் .38 என்று சொல்வது .357. பெயர் வைத்தவர்கள் ஒன்றை அளந்தார்கள். நாம் இன்னொன்றை அளக்கிறோம்.

அளக்க உட்காரும்போது பெயரைக் கீழே வைத்துவிட வேண்டியிருக்கிறது.

*

கிட். கிட். கிட்.

6.705.

குண்டைக் கால் சுற்று திருப்புகிறேன். மறுபடி.

6.705.

நோட்டில் எழுதுகிறேன். பென்சில் காகிதத்தில் உரசும் சத்தம் ராட்செட்டின் சத்தத்தைவிடப் பெரிதாக இருக்கிறது.

*

6.706.

6.705.

6.705.

6.704. திரும்ப வைத்தால் 6.705.

எழுதாமல் கொஞ்ச நேரம் இருக்கிறேன். இந்தக் கருவிக்கே இரண்டு மைக்ரான் வரை பிழை உண்டு என்று அதன் தாளில் போட்டிருக்கிறது. மைக்ரான் என்பது இந்தக் கடைசி இலக்கம். அப்படியென்றால் 6.704-க்கும் 6.705-க்கும் நடுவில் எது குண்டு, எது கருவி.

இரண்டையும் எழுதுகிறேன்.

*

ஏழாவது குண்டைக் கையில் வைத்தபடியே ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன். என்ன யோசனை என்பதும் இப்போது நினைவில்லை.

6.707.

கீழே வைக்கிறேன். உதிரியாக, மற்றவற்றோடு சேராமல். ஐந்து நிமிடம்.

6.705.

செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் பதினேழு பங்கு விரிகிறது. உள்ளங்கைக்குள் பத்துப் பதிமூன்று டிகிரி ஏறியிருக்கும். குண்டு ஒன்றரை மைக்ரான் பருத்திருக்கும். யோசனை இவ்வளவு பருமன் என்று அளந்துவிட்டேன்.

இனி இடுக்கியால் எடுக்கிறேன். முனையில் பிளாஸ்டிக் உறை போட்ட இடுக்கி.

*

துவைக்கும் மெஷின் பிழியத் தொடங்குகிறது. மேசை லேசாகப் பாடுகிறது. விளக்கின் வட்டம் மட்டும் அசையவில்லை.

*

போன வருடம் ஒரு இரவு. அறுபது குண்டுகள் அளந்தாயிற்று. எல்லாம் 6.717, 6.718. தொழிற்சாலை பெரிதாகச் செய்துவிட்டது என்று நினைக்கிறேன். பெட்டியைத் திருப்பி அனுப்பக் கடிதம்கூட மனதுக்குள் ஓடுகிறது. அறுபத்தோராவது குண்டுக்கு முன் ஏனோ முகத்தோடு முகம் சேர்த்துப் பார்க்கிறேன். 0.012.

விளக்கை நெருக்கிப் பிடித்தால் அசையாத முகத்தின் ஓரத்தில் ஒரு பஞ்சிழை. துடைத்த துணியிலிருந்து வந்தது. அறுபது முறை அதையும் சேர்த்து அளந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அது நசுங்கி, ஒவ்வொரு முறையும் அதே தடிப்பில் படுத்திருக்கிறது.

டூல் ரூமில் தப்பான எண்ணை அழிக்கக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். அறுபது கோடுகள் போட்ட அந்தப் பக்கம் இந்த நோட்டிலேயே இருக்கிறது.

புரட்டிப் பார்க்கிறேன். கோடுகள் நேராக இருக்கின்றன. அன்று கோபம் இல்லை போலிருக்கிறது. அல்லது தீர்ந்த பிறகு போட்டிருக்கிறேன்.

*

சுழியில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அளக்கப்போகும் இடத்துக்குப் பக்கத்திலும் சரியாக இருக்க வேண்டும்.

ஸ்லிப் கேஜ் பெட்டியைத் திறக்கிறேன். இரும்புக் கட்டைகள், அளவு வாரியாக, தத்தம் பள்ளங்களில். 5.50 ஒன்று. 1.20 ஒன்று. ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, ஒன்றின் மேல் ஒன்றைக் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தியபடி திருப்பிச் சறுக்குகிறேன்.

முதலில் வழுக்குகிறது. பிறகு ஒரு இடத்தில் இறுக்கம் வருகிறது. பிறகு இரண்டும் ஒன்று.

மேல் கட்டையை மட்டும் பிடித்துத் தூக்குகிறேன். கீழ்க் கட்டை கூடவே வருகிறது. பசை இல்லை, காந்தம் இல்லை. முகங்கள் அவ்வளவு சமம். இடையில் காற்றுக்கு இடமில்லை. மிஞ்சியிருக்கும் ஈரத்தின் படலமும் அணுக்களின் ஈர்ப்பும் சேர்ந்து பிடிக்கின்றன என்கிறார்கள். எத்தனை வருடம் செய்தாலும் அந்த இறுக்கம் வரும் நொடியில் உடம்பில் ஏதோ நிற்கிறது.

6.700.

கிட். கிட். கிட்.

6.700.

*

இந்தக் கட்டைகள் இந்த ஊரில் பிறந்தவை.

கார்ல் எட்வர்ட் யோஹான்சன் இங்கே ஆற்றங்கரையில் இருந்த கார்ல் குஸ்தாஃப் துப்பாக்கித் தொழிற்சாலையில் அளவு பார்ப்பவராக இருந்தார். 1894-இல் ஜெர்மனியின் ஓபர்ண்டோர்ஃபுக்கு அனுப்பினார்கள். ஸ்வீடன் ராணுவத்துக்கு மவுசர் ரக ரைஃபிள் அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. அதன் ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனிக் கட்டை. நூற்றுக்கணக்கில். அதே ரைஃபிளை இங்கே செய்வதென்றால் அத்தனையும் இங்கேயும் வேண்டும்.

ஊர் திரும்பும் ரயிலில் அவருக்கு அந்த யோசனை வந்தது என்று சொல்கிறார்கள். கட்டைகளைச் சேர்த்துச் சேர்த்து அளவுகளை உண்டாக்கினால். 1896-இல் கணக்கு முடிந்தது. 102 கட்டைகள். அவற்றைக் கூட்டினால் 20,000 அளவுகள், மில்லிமீட்டரில் நூறில் ஒன்று நூறில் ஒன்றாக ஏறும்.

தொழிற்சாலையில் செய்யவில்லை. வீட்டில் செய்தார். மனைவி மார்கரெத்தாவின் தையல் மெஷினைக் கட்டை தீட்டும் எந்திரமாக மாற்றிக்கொண்டார். மிதித்தால் ஊசி இறங்க வேண்டிய இடத்தில் சக்கரம் சுழன்றிருக்கும்.

மார்கரெத்தா துணி எதில் தைத்தார்.

*

அங்குலம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் வேறாக இருந்தது. அமெரிக்க அங்குலம் ஒன்று, பிரிட்டிஷ் அங்குலம் ஒன்று. யோஹான்சன் இரண்டையும் விட்டுவிட்டு, 25.4 மில்லிமீட்டர் என்று தன் கட்டைகளை வெட்டினார். கட்டைகள் போன இடமெல்லாம் அந்த அளவும் போயிற்று. 1959-இல் நாடுகள் கையெழுத்திட்டு அதையே அங்குலம் என்றன.

அப்பாவின் நூல் அப்படியென்றால் 3.175 மில்லிமீட்டர். அவர் அதைக் கேட்டிருந்தால் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். பென்சிலைக் காதில் செருகியிருப்பார்.

*

23.

24.

25. நூறில் கால் பங்கு.

கழுத்தில் வலி. அது கழுத்தில் இருக்கிறது.

*

உருட்டிப் பார்க்க ஒரு ஆசை வருகிறது. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே விட்டம் என்றால் அது வட்டம்தானே.

இல்லை.

மூன்று பக்கம் லேசாகப் புடைத்த உருளையை, எதிரெதிர் முகங்கள் கொண்ட கருவியால் எப்படித் திருப்பி அளந்தாலும் ஒரே எண் வரும். ஒரு பக்கம் புடைத்தால் எதிர்ப் பக்கம் அதே அளவு தட்டை. பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயத்துக்கு ஏழு பக்கம். எப்படிப் பிடித்தாலும் ஒரே அகலம். மைக்ரோமீட்டர் அதை வட்டம் என்றுதான் சொல்லும்.

இரண்டு இடத்தில் தொட்டால் தெரியாதது மூன்று இடத்தில் தொட்டால் தெரிகிறது. வி வடிவில் வெட்டிய கட்டையில் குண்டைப் படுக்க வைத்து, மேலே டயல் கேஜின் முனையை இறக்குகிறேன். இடுக்கியால் மெல்ல உருட்டுகிறேன்.

முள் நிற்கிறது.

நிற்கிறது.

லேசாக நகர்ந்து, திரும்பி வருகிறது. ஒரு சுற்றில் மூன்று முறை.

6.705 என்று எழுதிய அதே குண்டு. வட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்த குண்டு. புடைப்பு ஒரு மைக்ரானுக்குள்தான். குழலின் மேடு கவ்வும்போது இதெல்லாம் அழிந்துவிடும். எழுதத் தேவையில்லை.

ஓரத்தில் சின்னதாக எழுதுகிறேன்.

*

வெர்னியரும் மேசையில் இருக்கிறது. விட்டத்துக்கு அதை எடுப்பதில்லை. ஜெனா நகரத்தில் எர்ன்ஸ்ட் அபே 1890-இல் சொன்னது: அளக்கப்படும் பொருளும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். வெர்னியரில் பொருள் ஓரிடம், அளவுகோல் பக்கவாட்டில். அழுத்தினால் தாடை மிகக் கொஞ்சமாகச் சாய்கிறது. மைக்ரோமீட்டரில் திருகும் பொருளும் ஒரே கோட்டில்.

பக்கத்தில் நின்று பார்ப்பதற்கும் நேரே நின்று பார்ப்பதற்கும் இடையே அந்தச் சாய்வு இருக்கிறது.

நீளத்துக்கு வெர்னியர் போதும்.

*

நீளம்.

அடியிலிருந்து மூக்கு நுனி வரை. 34.41. 34.58. 34.37. எண்கள் சிதறுகின்றன. நுனி என்பது செம்புச் சட்டை கடைசியாகக் கூடி முடிந்த இடம். சீராக முடியவில்லை. ஒன்றில் பிசிறு. ஒன்றில் சற்றுச் சாய்ந்த உதடு.

அந்த நுனி துப்பாக்கிக்குள் எதையும் தொடுவதில்லை. தொடப்போவது அதன் பின்னால் இருக்கும் தோள். மூக்கின் வளைவு பருத்து, குழலின் மேட்டை முதலில் சந்திக்கும் இடம். ஓஜைவ் என்கிறார்கள். அங்கே கோடு எதுவும் இல்லை. பார்த்தால் தெரியாது.

கம்பேரட்டரை வெர்னியரின் தாடையில் மாட்டுகிறேன். ஒரு துண்டு உலோகம், அதில் ஒரு துளை. மூக்கு துளைக்குள் போகிறது. போய், ஒரு இடத்தில் நிற்கிறது. நிற்கும் இடம் தோள்.

இப்போது எண்கள் கூடுகின்றன. நூறு குண்டும் மில்லிமீட்டரில் நூறில் ஐந்து பங்குக்குள் வந்துவிடும் போலிருக்கிறது.

ஆனால் அந்த எண் இந்தத் துளைக்கு மட்டுமே சொந்தம். இன்னொருவர் கம்பேரட்டரில் துளை மயிரிழை பெரிதாக இருந்தால், இதே குண்டு இன்னும் உள்ளே போய் நிற்கும். எண் மாறிவிடும். குண்டு மாறாது. சுடும் கிளப்பில் யாராவது உன் நீளம் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல முடிவதில்லை. சொன்னால் பயனில்லை.

ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அவ்வளவு.

*

துவைக்கும் மெஷின் நிற்கிறது.

நின்ற பிறகுதான் அது எவ்வளவு சத்தம் என்று தெரிகிறது.

*

தராசு.

140 கிரெய்ன் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஒன்பது கிராம். கிரெய்ன் என்பது ஒரு பார்லி மணியின் எடையாகத் தொடங்கியது. இப்போது 64.79891 மில்லிகிராம். நம் பக்கத்திலும் நெல் எடை என்று இருந்தது. அதற்கு மேல் குன்றிமணி. தட்டான் பட்டறையில் சிவப்பும் கறுப்புமாக, ஒரு சின்னக் கிண்ணத்தில்.

ஈழத்துத் தமிழில் துப்பாக்கிக் குண்டுக்கு ரவை என்று பெயர்.

தானியம், எங்கே போனாலும்.

*

தட்டில் வைக்கிறேன். எண் ஓடி, மெதுவாகி, 140.0-க்கும் 140.1-க்கும் நடுவே நிற்காமல் ஆடுகிறது.

என் மூச்சு.

அடக்கிப் பார்க்கிறேன். மூச்சு நின்றால் இதயம் கையில் அடிக்கிறது. இடுக்கி நடுங்குகிறது. விட்டால் தராசு நடுங்குகிறது. விட்டு முடிந்து, அடுத்த மூச்சு தானாக வருவதற்கு முன், ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே எதுவும் அசையவில்லை.

அங்கே படிக்கிறேன். 140.1.

*

140.0.

139.9.

140.1.

140.0.

இவை ஈயத்தின் எண்களா, மூச்சின் எண்களா என்று கேட்பது கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது.

*

61-ஆவது. 140.8.

திரும்ப வைக்கிறேன். 140.8.

விட்டம் 6.705. நீளம் மற்றவற்றைப் போல. தோள் மற்றவற்றைப் போல. எடை மட்டும் கூடுதல். சட்டை தடிப்பாக இருக்கலாம், ஈயம் கூடுதலாக இருக்கலாம். வெளியிலிருந்து தெரியவில்லை. திறந்து பார்த்தால் அது குண்டாக இருக்காது.

விளக்கின் வட்டத்துக்கு வெளியே, மேசை ஓரத்தில் நிறுத்தி வைக்கிறேன். இருட்டில் அதன் மூக்கு மட்டும் மின்னுகிறது.

*

ஏன் இவ்வளவு என்ற கேள்வி வந்து உட்காருகிறது.

இந்தக் குழலின் திருகு 200 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. 300 மீட்டர் தாண்டுவதற்குள் குண்டு 1,500 முறைக்கு மேல் சுழல்கிறது. உள்ளே எடை நடுவிலிருந்து ஒரு இழை விலகியிருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அது தன்னைச் சொல்லிக்கொண்டே போகும்.

பதில் சரிதான். கேள்வி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

*

பெட்டகத்தில் ரைஃபிள். கார்ல் குஸ்தாஃப் முத்திரை, 1906. மேசையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் செய்யப்பட்டது.

அதன் மரக்கட்டையில் ஒரு பித்தளை வில்லை பதித்திருக்கிறார்கள். வில்லையை மூன்று பங்காக்கி எண்கள். ஒரு பங்கில், ராணுவ மெக்கானிக் குழலின் துளையை அளந்து, நூறில் ஒரு மில்லிமீட்டர் வரை குறித்திருக்கிறார். குறி என்றால் ஒரு சின்னப் பொளிவு. யார் கையில் போனாலும் அளவு கூடவே போகும்.

அந்தப் பொளிவை நகத்தால் தடவுகிறேன். அதைத் தட்டியவரின் சுத்தியல் எடை தெரிவதுபோல ஒரு பிரமை.

எதற்காகச் செய்தார்கள் என்பது தெரியும். 1814-க்குப் பிறகு இந்த நாடு இன்னொரு நாட்டின் மேல் போர் தொடுக்கவில்லை. இந்த ரகத்தில் பல்லாயிரம் 1939-40 குளிர்காலத்தில் ஃபின்லாந்துக்குப் போயின. சில திரும்பி வந்தன. சில வரவில்லை. இது போனதா என்று சொல்லும் குறி இதில் எதுவும் இல்லை.

நான் சுடுவது காகிதத்தை. அதை எழுதும்போது பென்சில் ஒரு நொடி நிற்கிறது.

*

ஜோசப் விட்வொர்த் மான்செஸ்டரில் ஒரு அளவுக் கருவி செய்தார். அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒன்றை அது காட்டும். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைத்தார். அதில் ஊசி முள் இல்லை. இரண்டு முகங்களுக்கு நடுவே ஒரு சின்ன எஃகுத் தகடு. முகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்வரை தகடு விழாமல் நிற்கும். பத்து லட்சத்தில் ஒன்று விலகினால் நழுவி விழும்.

அதே மனிதர் பிறகு அறுகோணத் துளையுள்ள ரைஃபிள் செய்தார். 1860-இல் விம்பிள்டனில் விக்டோரியா ராணி அதன் விசையில் கட்டிய கயிற்றை இழுத்தார். 400 கஜத்தில் நடுப்புள்ளியிலிருந்து ஒன்றேகால் அங்குலம்.

தகடு விழும் சத்தம் எப்படி இருந்திருக்கும்.

*

நூறு.

மூன்று கிண்ணங்களில் பிரிந்து கிடக்கின்றன. வெளியே ஒன்று.

விரல் நுனிகள் சாம்பல் நிறம். ஈயம் சட்டைக்குள் இருந்தாலும் நுனியில் திறந்திருக்கிறது. குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். வெந்நீர் வேண்டாம் என்று சொல்லித் தந்திருக்கிறார்கள். இரண்டு முறை. நகக் கண்ணில். நீர் சாம்பலாகப் போய், பிறகு நீராகப் போகிறது.

மைக்ரோமீட்டரின் முகங்களைத் துடைத்து, லேசாகத் திறந்த நிலையில் பெட்டியில் வைக்கிறேன். இறுக்கி மூடி வைக்கக் கூடாது.

விளக்கை அணைத்த பிறகும் எண்கள் கொஞ்ச நேரம் தெரிகின்றன.

*

சனிக்கிழமை. சுடுகளம். மைனஸ் 6.

நேற்றுப் பெய்த பனி ஊசியிலை மரங்களின் மேல் அப்படியே இருக்கிறது. 300 மீட்டரில் காகிதம். வெறும் கண்ணுக்கு ஒரு கறுப்புப் புள்ளி.

அளந்ததெல்லாம் 20 டிகிரியில். இப்போது பெட்டிக்குள் இருக்கும் எந்தக் குண்டும் நோட்டில் இருக்கும் அளவில் இல்லை. எல்லாமே சேர்ந்து சுருங்கியிருக்கின்றன.

*

பலகையின் குளிர் முழங்கைக்கு ஏறுகிறது. கன்னம் மரக்கட்டையில். பித்தளை வில்லை சட்டையில் உரசுகிறது.

மூச்சு வெளியே போகிறது. வெண்மையாகத் தெரிகிறது. கலைகிறது.

அந்தச் சின்ன இடம்.

*

சத்தம் காட்டுக்குள் போய், எங்கோ பட்டு, திரும்பி வருகிறது. ஒரு கிளையிலிருந்து பனி கொட்டுகிறது. கொட்டி முடிய நேரமாகிறது. குண்டு போய்ச் சேர்ந்து அதற்குள் வெகு நேரம் ஆகியிருக்கும். அரை நொடிகூட ஆகாத பயணம்.

6.705. 140.0. காகிதத்தைத் தாண்டி மண்மேட்டுக்குள் எங்கோ. இனி அதை அளக்க முடியாது. நோட்டில் இருப்பது அது இருந்தபோது இருந்தது.

காகிதத்தின் துளையைத் தொலைநோக்கியில் பார்க்கிறேன். குண்டைவிடத் துளை சிறியதாகத் தெரிகிறது. காகிதம் விரிந்து கொடுத்து, திரும்பக் கூடியிருக்கிறது.

*

போல்ட்டை இழுக்கிறேன். பித்தளைக் கூடு வெளியே விழுந்து, பனியில் சின்னதாக ஒரு குழி தோண்டி, சீறி அடங்குகிறது.

குனிந்து எடுக்கிறேன். கழுத்தில் கரி. உடல் பருத்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத அளவு. வெடித்த நொடியில் சுற்றிலும் இருந்த எஃகுச் சுவர்வரை விரிந்து, திரும்பச் சுருங்கி, முழுக்கத் திரும்பாமல் நின்றுவிட்டது. உள்ளறையின் அளவு இப்போது இதன் மேல் இருக்கிறது.

இன்றிரவு அளக்கலாம். அல்லது நாளை.

சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறேன். துணியைத் தாண்டி, மார்பில் ஒரு சிறு இடத்தில், சூடு.